அப்பாவின் இடது காது

பினாங்கில் ‘ரைபிள் ரேஞ்ச்’ என்றால் யாருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வராது. ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடி வீடுகள்தாம் வரும். 1969 வாக்கில் எழும்பிய ஒன்பது கட்டடங்கள், ஒவ்வொன்றும் 17, 18 மாடி. அதற்கு முன்பு அது உண்மையிலேயே துப்பாக்கி சுடும் திடல். மலாயில் இன்றும் அந்தப் பகுதிக்குப் ‘பாடாங் தெம்பாக்’ என்றுதான் பெயர். நான் வளர்ந்தது அங்கே, பன்னிரண்டாவது மாடியில். எங்கள் வீட்டில் செய்தி ஓடினால் கீழே இரண்டு மாடிக்குக் கேட்கும். காரணம் அப்பா.

அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் ராணுவத்தில் சேர்ந்தவர். தாய்லாந்து எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். அதைப் பற்றி அவர் பேச மாட்டார். 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹட்யாயில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோதுகூட, “நல்லது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். ஆனால் தன்னுடைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் போதும், கோப்பி ஆறிப் போகும்.

அம்மாவுக்கு வேறு கதை. “உங்கப்பாவுக்குக் காது கேக்காம இல்ல. நான் பேசுனா மட்டும்தான் கேக்காது” என்பார். சாட்சியும் வைத்திருந்தார். கோப்பிக் கடையில் கூட்டாளிகள் பேசினால் அப்பா சிரிக்கிறார். காடியில் அம்மா பேசினால் பதிலே இல்லை. சுங்கை பட்டாணியில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாலத்தில் தொடங்கும் பேச்சு, பாதி வழியில் சண்டையாகி, மீதி வழி மௌனமாக முடியும். பின் சீட்டில் இருந்த நானும் தம்பியும் அம்மா பக்கம்தான். வளர்ந்த பிறகும் அப்படியேதான் நினைத்தேன். இவருக்கு அம்மா பேச்சு என்றால் இளக்காரம்.

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில், பாயான் லெப்பாஸ் அலுவலகத் தோழிகளோடு புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தெற்குத் தாய்லாந்து போனோம். கடைத்தெரு, தோம் யாம் எல்லாம் முடிந்த பிறகு ஒருத்தி, “துப்பாக்கி சுடலாமா?” என்றாள். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. அங்கே கடப்பிதழைக் காட்டிப் பணம் கட்டினால் பயிற்றுநரோடு சுடலாம்.

நான் துப்பாக்கியே தொடாதவள் இல்லை. தேசிய சேவைப் பயிற்சியில் எம்16 சுட்டிருக்கிறேன். அது 5.56 மில்லிமீட்டர், தோளில் தட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். இங்கே தோழிகள் கைத்துப்பாக்கியை எடுக்க, என் கண் சுவரோரம் இருந்த நீளமான ரைபிளில் நின்றது. பாயிண்ட் 308. அப்பாவின் எஸ்.எல்.ஆர். சுட்ட 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏறக்குறைய இரட்டைப் பிறவி. ஐந்து தோட்டா கேட்டேன். விலையைச் சொன்னால் அம்மா திட்டுவார்.

“தோளுக்கும் கட்டைக்கும் நடுவுல காத்து போகக்கூடாது” என்று அப்பா தேசிய சேவைக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார். முதல் தோட்டாவில் அதை மறந்தேன். சத்தம் காதில் கேட்டது என்று சொல்ல முடியாது, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. கட்டை தோளைக் குத்தியது. பத்து கிராமுக்கும் குறைவான ஈயமும் செம்பும் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் முன்னால் பாய்கிறது. அதற்கு ஈடாக நாலு கிலோ இரும்பு பின்னால் வந்துதானே ஆக வேண்டும்? இரண்டாவதற்குக் கட்டையை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாவது, அட்டையில் கறுப்பு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது.

நான்காவதற்கு முன் பயிற்றுநர் என் முதுகைத் தட்டி நிறுத்தினார். காதுக்குள் அடைப்பான், மேலே பெரிய கவசம் இரண்டும் போட்டிருந்தேன். இடப் பக்கக் கவசம் தலைமுடியில் ஏறி விலகியிருந்தது. அதை அழுத்திப் பொருத்திவிட்டு, இடது காதைத் தொட்டு, துப்பாக்கி முனையைக் காட்டி, கையை விரித்தார்.

முடிந்த பிறகு கேட்டேன். வலக்கைக்காரர் கட்டையில் கன்னம் வைத்தால் தலை சற்றுத் திரும்பும். வலது காது தலை நிழலில் ஒதுங்கிவிடும். இடது காது குழல் முனையைப் பார்த்து நிற்கும். வெடிச் சத்தம் 160 டெசிபலைத் தொடும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் உட்காது கெடலாம். உள்ளே இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். ஆண்களின் கனத்த குரலைவிடப் பெண்கள், குழந்தைகள் பேச்சுதான் முன்னால் மங்கும்.

எனக்குக் காடி நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம். அம்மா இடப்பக்கம். முப்பது வருடம்.

வீட்டுக்கு வந்து, மறுநாள் பசியாறும்போது சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றார். “அப்போ நான் இத்தனை வருசமா செத்த காதுகிட்டயா பேசிக்கிட்டு வந்தேன்?” என்றார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு அப்பாவின் வலப்பக்கம் போய், “ஏங்க, அப்போல்லாம் காதுல ஒண்ணும் வைக்கலயா?” என்று கேட்டார், கத்தாமல்.

“பஞ்சு இருந்துச்சு. வச்சா ஆர்டர் சரியாக் கேக்காதுன்னு நான்தான் எடுத்து எறிஞ்சிட்டேன். வயசு அப்படி” என்றார் அப்பா.

காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போக மூன்று மாதம் ஆனது. இடப்பக்கம் உயர்ந்த ஒலிகள் கிட்டத்தட்ட இல்லை. செவிக்கருவி வாங்கலாம் என்றார்கள். “பார்க்கலாம்” என்பதற்கு மேல் இன்னும் போகவில்லை. சுங்கை பட்டாணிக்கு இப்போது நான் ஓட்டுகிறேன். அப்பா இடது சீட்டில், நல்ல காது உள்பக்கம். அம்மா பின்னால் நடுவில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டிப் பேசிக்கொண்டே வருகிறார். அப்பா பதில் சொல்கிறார். அதனால் சண்டை குறைந்தது என்று சொல்ல முடியாது. இப்போது இரண்டு பேரும் போடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் தோளில் கன்றியிருந்ததை அப்பாவிடம் காட்டினேன். பார்த்தார். “காத்து விட்டுட்டியா?” என்றார்.

“முதல் தோட்டாவுல.”

“எத்தனை சுட்டே?”

“அஞ்சு.”

“கேஸ் அஞ்சும் எண்ணிக் கொடுத்தியா?”

கொடுத்தேன் என்றேன். தலையாட்டிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.