அப்பா கட்டிய பூசாத சுவர்கள்

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொத்தனார்கள் பலருக்கும் அந்த நாளில் திருவனந்தபுரம்தான் பிழைப்பு. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர். 1956 நவம்பர் முதல் தேதி வரை இரண்டு ஊரும் ஒரே ராஜ்ஜியத்தில் இருந்தவை என்பதால் பாஷையும் பழக்கவழக்கமும் அந்நியமில்லை. திங்கள் விடியலில் தூக்குக்குண்டையும் கரணையையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் அப்பா சனிக்கிழமை ராத்திரிதான் திரும்புவார். கூலிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு முழுக்க சாயிப்பைப் பற்றித்தான். சாயிப்பு மாமரத்தை வெட்ட விடவில்லை, சுவரை வளைத்துக் கட்டச் சொன்னார். உடைந்த ஓட்டைக்கூட வீச விடவில்லை. யாரோ அனுப்பிய கடித உறையைக் கிழித்துப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் ஜன்னல் வரைந்து கொடுத்தார். அம்மா இதையெல்லாம் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கேட்டபடி மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சாயிப்பு, இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். எழுபதுகளின் முதல் பாதி அது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு, திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற இடத்தில், ஒரு மேட்டுநிலத்தின் மேல் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மே மாத விடுமுறையில் அப்பா என்னையும் அழைத்துப்போனார்.

நான் அதுவரை பார்த்த கட்டட வேலைகளில் முதலில் நிலத்தை மொட்டையடிப்பார்கள். இங்கே மரங்கள் அப்படியே நின்றன. கட்டடம்தான் அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டிருந்தது. மேடு எங்கே ஏறியதோ அங்கே தரையும் படியாக ஏறியது. சுவர் எதிலும் சிமென்ட் பூச்சு இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை. சிவப்புச் செங்கல் செங்கலாகவே தெரிந்தது. சில சுவர்களில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு ஜாலி கட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும், காற்றோ தடையில்லாமல் வரும். சித்தாள் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு அந்தச் சுவரோரம்தான் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றேன்.

சாயிப்பை அங்கேதான் பார்த்தேன். தாடி, கதர்ச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. அவருக்குத் தனியாக அலுவலகம் கிடையாது, வரைபடம் போட உதவியாளர் கிடையாது. வரைவது, வேலையிடத்துக்கு வருவது, கொத்தனார் பக்கத்தில் நின்று காட்டுவது எல்லாம் அவரே. என் அப்பாவின் தோளருகே குனிந்து நின்று, மணலில் குச்சியால் ஏதோ கீறிக் காட்டினார். அப்பா தலையாட்டினார். பிறகு அப்பாவும் அதே குச்சியை வாங்கி வேறு ஒன்றைக் கீறினார். அதற்கு சாயிப்பு தலையாட்டினார். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாவைத்தான் அதுவரை நான் அறிந்திருந்தேன்.

அன்று ராத்திரி தொழிலாளர் கொட்டகையில் படுத்திருக்கும்போது அப்பா சொன்னார்: "பாத்தியா மக்களே, மத்த இடத்துல நாம கெட்டுத கெட்ட மேல பூச்சுக்காரன் வந்து மறைச்சிருவான். கல்லு கோணலா இருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. இங்க அப்படி நடக்காது. ஒவ்வொரு கல்லும் நாளைக்கு சாட்சி சொல்லும்." தன் வேலை கண்ணுக்குத் தெரிந்தபடியே நூறு வருஷம் நிற்கப் போகிறது என்ற நினைப்பில் அப்பா நெடுநேரம் தூங்கவில்லை.

அந்த வேலையின் நுட்பத்தை அப்பாவிடமிருந்தே கற்றேன். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை. செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. கூரைக்கும் ஒரு உபாயம் இருந்தது. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை. ஆகவே கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போடுவார்கள். சிமென்ட் குறையும், பாரம் குறையும், கீழேயிருந்து பார்த்தால் கூரையில் ஓடு வரிசை அழகாகத் தெரியும். ஒற்றைக்கல் மதிலை நேராகக் கட்டினால் சாய்ந்துவிடும். பாம்பு நெளிவதுபோல் வளைத்துக் கட்டினால் தானே நிற்கும். இதெல்லாம் சிக்கனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு குடும்பம் காலமெல்லாம் கடன் கட்டக்கூடாது என்று நினைக்கிற மனுஷனுக்குத்தான் இந்தச் சிக்கனம் தோன்றும் என்பது என் எண்ணம்.

அவருடைய வாழ்க்கையைப் பின்னால் புத்தகங்களில் தேடிப் படித்தேன். கௌதம் பாட்டியா எழுதியது ஒன்று, பேக்கரின் மனைவி எலிசபெத் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஒன்று. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பேக்கர் பிறந்தது 1917 மார்ச் 2, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். அங்கேயே கட்டடக்கலை படித்தார். போரை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவ நெறியில் வாழ்ந்தவர் என்பதால் இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயுதம் எடுக்காமல் மருத்துவ உதவிப் படையோடு சீனாவுக்குப் போனார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக்கொண்டு வீடு கட்டவேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். 1945இல் தொழுநோயாளிகளுக்கான மிஷன் வேலைக்கு இந்தியா வந்தார். அங்கேதான் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பின் அறிமுகம். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. காத்திருந்து 1948இல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

தேனிலவுக்கு இமயமலையில் பித்தோராகட் பக்கம் போனார்கள். வந்திருக்கும் பெண் டாக்டர் என்று தெரிந்ததும் மலைக்கிராமத்து ஜனங்கள் நோயாளிகளோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள். அந்த இருவரும் திரும்பவில்லை. ஏறக்குறைய பதினைந்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்கள். மனைவி வைத்தியம் பார்க்க, கணவர் அவளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். அவள் அறுவை சிகிச்சை செய்யும்போது மயக்கமருந்து கொடுத்தார். படித்த படிப்பையும் பட்டணத்துத் தொழிலையும் ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் வேலைக்குத் துணையாளாக நின்றார். மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் கட்டடக்கலையைப் புதிதாகப் படித்துக்கொண்டதும் அங்கேதான். லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞரை உருவாக்கியது பர்மிங்ஹாம் கல்லூரி இல்லை, எலிசபெத்தோடு வாழ்ந்த அந்த மலைவீடுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

1963இல் கேரளத்துக்கு வந்து முதலில் வாகமண்ணிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் இருந்தார்கள். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவு ஒன்றில் தன் குடும்பத்துக்கு அவர் கட்டிய வீட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். வெடிவைத்துப் பாறையை உடைக்காமல், அதன் மேலேயே ஏறி இறங்கும் வீடு. இடித்த பழைய வீடுகளின் கதவும் மரச்சட்டங்களும் அங்கே மறுபடி வேலைக்கு வந்தன. ஒரு முறை அப்பாவோடு போய் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். சுவரில் பதித்திருந்த பாட்டில்களின் வழியாகப் பச்சை வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அது ஒரே நாளில் வரைந்து முடித்த வீடு இல்லை. பிள்ளைகள் மூன்று பேர், வந்துபோகும் சொந்தபந்தம், தங்கிப்போகும் மாணவர்கள் என்று ஆள் பெருகப் பெருக வீடும் பெருகியது. மற்றவர்களுக்கு வீடு கட்டும்போதும் அவர் முதலில் கேட்டது அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைத்தான். அதனால்தான் அவர் கட்டிய வீடுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

அப்பா 1979இல் எங்களுக்கென்று வீடு கட்டினார். சாயிப்பிடம் கற்ற எல்லாவற்றையும் அதில் செய்து பார்த்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும், "என்னவே, பூசதுக்கு ரூவா தெகையலியா?" என்று கேட்டார்கள். அம்மா முதல் வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அண்ணன் வீடு மொசைக் தரையும் மஞ்சள் பெயின்டுமாக இருந்தது. இரண்டாம் வருஷம் பங்குனி வெயிலில் அந்த மஞ்சள் வீட்டு ஜனங்கள் மதியத் தூக்கத்துக்கு எங்கள் முன்கட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பூச்சைப் பற்றி அம்மா பேசியதில்லை. ஜாலிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லாரையும் அவள் பார்ப்பாள். அவளை யாரும் பார்க்க முடியாது. அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பேக்கர் எண்பதுகளின் கடைசியில் இந்தியக் குடிமகனானார். 1990இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், கே.என். ராஜ் போன்றவர்களோடு சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கிறது. தொண்ணூறாவது பிறந்தநாள் கழிந்து ஒரு மாதம்கூட ஆகாமல், 2007 ஏப்ரல் முதல் தேதி, திருவனந்தபுரத்திலேயே காலமானார். எலிசபெத்தோடு வாழ்ந்தது ஐம்பத்தொன்பது வருஷம். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பழைய கரணையை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார்.

வீடு கட்டப்போகும் எல்லாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செலவைக் குறைத்து வீடு கட்டுவது எப்படி என்று பேக்கர் தன் கையாலேயே எழுதிப் படமும் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் உண்டு. ஒரே நாளில் படித்துவிடலாம். திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தம்பானூரில், அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. திருகுபோல் சுற்றி ஏறும் செங்கல் கட்டடம். சாய்தளத்தில் ஏறிக்கொண்டே போனால் ஓரமாக மேசைகள். அங்கே உட்கார்ந்து ஒரு காபி குடித்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். கான்ட்ராக்டர் நீட்டும் காகிதத்தில் அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.