தொழுவத்தில் புதைத்த சிப்பிகள்

பெரார்கஞ்சில் எங்கள் பாக்குத் தோட்டத்தின் கீழண்டை, ஓடையை நோக்கிச் சரியும் நிலத்தில் ஒரு சிறு மேடு இருந்தது. இன்று அதில் பாதிதான் உண்டு. மறுபாதி குறைந்ததற்கு அடியேனும் ஒரு காரணம் ஆதலின், அக்கதையை அன்பர்களிடம் கூறிவிடுதல் முறையென்று எண்ணுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயதிருக்கும். மழைக்காலத்தில் மாட்டுத் தொழுவம் சேறாகிவிட்டது. தரையை உயர்த்த வேண்டுமென்று தந்தையார் அம்மேட்டை வெட்டினார். தமக்கையும் நானும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினோம். வந்ததெல்லாம் சிப்பிகளும், சங்குகளும், சாம்பல் கலந்த கரிய மண்ணும். இடையிடையே பன்றி எலும்புகள், கீறல் கோலம் போட்ட பானை ஓடுகள். "முன்னொரு காலத்தில் கடல் இதுவரை வந்திருக்கும், அது ஒதுக்கிவிட்டுப் போன குப்பை" என்றார் தந்தையார். கடலுக்குப் பானை ஏது என்று கேட்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. கண்ணாடி போன்ற ஒரு வெள்ளைக் கல் சில்லு உள்ளங்காலைக் கிழித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அழுதுகொண்டே அதை ஓடையில் வீசி எறிந்தேன்.

பிற்பாடு இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்து அக்கரை சென்றேன். தீவில் இருப்புப் பாதையே இல்லாததால் இரயில் உத்தியோகம் என்றால் கப்பலேறித்தான் ஆகவேண்டும். விடுமுறை நாட்களில் நூலகத்தில் பொழுதைப் போக்குவது வழக்கம். அங்கேதான் டென்மார்க்கு நாட்டுச் செய்தி ஒன்று கண்ணிற் பட்டது.

அந்நாட்டுக் கடற்கரைகளிலும் பெரிய சிப்பி மேடுகள் உண்டு. அவற்றைக் கடல் ஒதுக்கிய இயற்கைத் திட்டுகள் என்றே அங்குள்ளோரும் நம்பியிருந்தனர். என் தந்தையார் சொன்ன அதே சொல்! 1848-இல் அமைந்த அறிஞர் குழு ஒன்று அவற்றை ஆராய்ந்தது. வர்சோ என்னும் தொல்லியலாரும், விலங்கியலார் ஒருவரும், மண்ணியலார் ஒருவரும் அதில் இருந்தனர். சிப்பிகள் பெரும்பாலும் முற்றியவையாகவே இருந்தன. உடைத்த எலும்புகளும், அடுப்புக் கரியும், சக்கிமுக்கிக் கல்லில் செதுக்கிய கருவிகளும் உடன் கிடந்தன. ஆகவே அவை கடலின் வேலையல்ல, பண்டை மக்கள் உண்டு எறிந்த எச்சம் என்று துணிந்தனர். அம்மேடுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'சமையற்கட்டுக் குப்பை' என்று பொருள்படும்.

அப்பெயர் நம் தீவுக்கும் வந்து சேர்ந்தது என்பதுதான் வியப்பு. 1870-இல் இசுடோலிச்கா என்னும் மண்ணியல் அறிஞர் அந்தமானின் சிப்பி மேடுகளைப் பற்றிக் கல்கத்தா ஆசியச் சங்க வெளியீட்டில் எழுதியபோது, அந்த டேனியச் சொல்லையே தலைப்பில் வைத்தார். நம் பெரார்கஞ்சு வட்டத்துச் சௌல்தாரியில் உள்ள மேட்டைச் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சரீன் கூப்பர் அம்மையார் முறையாக அகழ்ந்தார். அதன் காலம் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கண்டனர். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. தொழுவத்தில் நாங்கள் கொட்டி மிதித்தது என்னவென்று அப்போதுதான் விளங்கிற்று. என் காலைக் கிழித்த சில்லும் வெறுங் கல்லாக இருந்திருக்காது. அந்தமானியர் படிகக் கல்லைச் சில்லாகத் தட்டி, மயிர் சிரைக்கவும் உடலில் கீறிக்கொள்ளவும் கொண்டனர். பிற்காலத்தில் புட்டிக் கண்ணாடி கிடைக்கவே அதனையும் அவ்வாறே பயன்படுத்தினர். வெட்டவும் சுரண்டவும் அவர்களுக்குச் சிப்பியே கத்தி.

கருவியின் உண்மை மறந்துபோனால் கதை பிறக்கிறது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் உழவர்கள் நிலத்தில் கிடைத்த கற்கோடரிகளை, இடி விழும்போது வானத்திலிருந்து வந்தவை என்று நம்பினர். அது இருக்கும் வீட்டில் மீண்டும் இடி விழாது என்று கூரையில் செருகி வைத்தனராம். நாம் நகைப்பதற்கில்லை. சேர்வராயன் மலையில் உழுபடையில் அகப்பட்ட வழவழப்பான கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டிருக்கின்றனர். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று என் அன்னையார் இன்றும் சொல்கிறார்.

அந்தமானியரிடமும் இத்தகைய கதை உண்டு. புயலுக்குரிய தெய்வத்தை வடக்கே பிலிகு என்றும் தெற்கே புலுகா என்றும் அழைத்தனர். தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டு பாடும் வேளையில் ஓசை செய்தாலும் அத்தெய்வம் சினந்து புயலை ஏவும். மின்னல் என்பது பிலிகு வீசியெறியும் முத்துச் சிப்பி என்று வடபகுதியார் கூறினர். வடநாட்டு உழவனுக்கு வானத்துக் கருவி கற்கோடரி. சிப்பியால் வெட்டி வாழ்ந்தவனுக்கு வானத்துக் கருவியும் சிப்பி. 1906 முதல் 1908 வரை இங்குத் தங்கிய ராட்கிளிப் பிரவுன் இவற்றை எழுதி வைத்திராவிடில் நமக்கு இவ்வளவும் கிட்டியிராது. 1858-இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியபோது பெருந் தீவுகளில் சில ஆயிரவராய் இருந்த அம்மக்கள், 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தொன்பது பேர். நம் தென் அந்தமானில் வழங்கிய மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை.

நிற்க. சென்ற ஆண்டு விடுமுறையில் ஊர் சென்றபோது, எஞ்சிய மேட்டையும் வெட்டிச் சமன்செய்ய அத்தான் ஆள் பேசி வைத்திருந்தார். மூத்தவளுக்கு மணம் பேசியாயிற்று. புது அறை கட்ட வேறு இடமில்லை. நான் படித்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி, தம்பி. செத்தவர்கள் தின்ற சிப்பிக்காக என் பெண்ணை எங்கே குடிவைப்பது?"

எனக்கு விடை தெரியவில்லை. உள்ளிருந்து தமக்கைதான் வந்தாள். "அன்றைக்கு இவன் காலில் குத்தியதே, அது ஒருத்தர் கத்தியா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். சற்று நேரம் மேட்டையே பார்த்திருந்துவிட்டு, "சமையற்கட்டை இந்தப் பக்கம் இழுத்து, அறையை மேற்கே கட்டினால் என்ன?" என்றாள் கணவரிடம். சுவர் ஒன்று கூடும், செலவும் கூடும் என்றார் அத்தான். அந்தச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொண்டேன். மாதாமாதம் அனுப்பி வருகிறேன்.

அறை மேற்கேதான் எழும்புகிறது. மேட்டின் மேல் கோழிக் கூண்டு வைத்திருப்பதாகச் சென்ற வாரம் கடிதம் வந்தது. கோழிகள் சிப்பியைக் கிளறித் தின்கின்றனவாம். முட்டை ஓடு கெட்டியாக இருக்கிறதென்று தமக்கை எழுதியிருக்கிறாள்.