வெளிமூலை

மட்டாஞ்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் கேட்ட விஷயத்துக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் மேஸ்திரி பக்கத்தில் நின்று, "நாப்பத்தஞ்சு டிகிரி வெட்டிப் போட்டுரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதுபடப் பேச வேண்டாமென்று விட்டுவிட்டேன். கீழே இருப்பது உன் அத்தான் சொன்னது. இங்கே பழைய வீடுகளில் டைல்ஸ் போட்டே தலை நரைத்தவர், தெரிந்துதான் சொல்கிறார்.

பாத் டப்பைச் சுற்றிக் கட்டும் திண்டில் வெளிமூலையை எப்படி முடிப்பது என்று முதல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மூலைப்பட்டையான பீடிங் வைப்பதென்றால், அதன் கால் டைல்ஸுக்கு அடியில், பசைக்குள் புதைந்து நிற்கும். ஒட்டி முடித்த பிறகு மேலே ஒரு எல்-பட்டையை ஒட்டலாம், ஆனால் நாலு மாதத்தில் அதன் இடுக்கில் கறுப்பு பிடித்துவிடும்.

சரிவாக வெட்டிச் சேர்ப்பது பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. உடம்பு முழுக்க ஒரே நிறமுள்ள கனத்த விட்ரிஃபைடு என்றால் செய்யலாம். அப்போதும் முனையைக் கத்தி மாதிரி விடாமல் லேசாகத் தேய்த்து, இடைவெளியில் எபாக்சி நிரப்ப வேண்டும். நீ வாங்கியிருப்பதோ செராமிக். மேலே மட்டும்தான் பளபளப்பு, உள்ளே செம்மண். ஒரு வாளி இடித்தால் போதும், பளபளப்பு தெறித்துச் சிவப்பு தெரியும். குழந்தைகள் குளிக்கிற இடத்தில் அந்த முனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே பீடிங்தான். அலுமினியம் வேண்டாம். காயலை ஒட்டிய இந்த ஊரில் அது வெள்ளை பூத்துப் புள்ளி விழுவதைத் தினமும் பார்க்கிறேன். உன் தூத்துக்குடிக் காற்றிலும் உப்புக்குக் குறைவில்லை. எவர்சில்வர் என்றால் 304 இல்லாமல் 316 கேள், விலை கூடத்தான். அது கட்டாது என்றால் நல்ல பிவிசி போதும், வட்ட முனையாகப் பார்த்து வாங்கு.

வெளிமூலையில் முழு டைல்ஸ் வரட்டும், வெட்டுத்துண்டு உள்மூலைக்குப் போகட்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கோணலாக இருந்தால் பூச்சிலேயே சரிசெய்யச் சொல். கோணல் மூலையைப் பீடிங் மறைக்காது, ஊருக்கே காட்டிக்கொடுக்கும். திண்டின் மேல்பரப்பு டப்பை நோக்கி லேசாகச் சரியட்டும். டப்பும் டைல்ஸும் சேரும் கோட்டில் ஒயிட் சிமெண்ட் கூடாது, சிலிக்கான்தான். ஃபைபர் டப் தண்ணீர்க் கனத்தில் சற்று இறங்கும். அதனால் டப்பில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு சிலிக்கான் அடித்து, அது காய்ந்த பிறகு திறந்துவிட வேண்டும்.

போன தடவை வந்தபோது பரதேசி சினகாகில் குனிந்து குனிந்து பார்த்தாயே, 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த நீலப்பூ ஓடுகள். 1568-இல் கட்டிய அந்த யூதக் கோயிலில் அவை இன்னும் கிடக்கின்றன என்று உன் மேஸ்திரியிடம் சொல்லிவிடாதே. அவை தரையில் கிடப்பவை, வாளி இடிக்கும் மூலையில் நிற்பவை அல்ல.

பீடிங் பல கனத்தில் வரும். டைல்ஸ் கனமும் பசையும் சேர்ந்து எவ்வளவோ, அதற்குப் பொருந்த வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு டைல்ஸைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அக்கா