பாதுகாப்பான இடம்

கடந்த விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் எங்களில் ஒருவரின் வீட்டில் ஒன்றுகூடினோம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் கிடந்தவர்கள். இப்போது நால்வரும் பாடசாலைகளில். இஷாவுக்குப் பிறகு சாப்பாடு, ஊர்க்கதை, கடைசியில் ஒரு படம். 'பாலம்' என்று பெயர், 1959இல் வந்த ஜேர்மன் படம், கறுப்பு வெள்ளை. யுத்தப் படம் என்றதும் ஒருவர் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து சாய்ந்தார். படம் முடியும்போது அவரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

1945 ஏப்ரல். ஹிட்லரின் ஜேர்மனி தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு சின்ன ஊரில் ஒரே வகுப்பில் படிக்கும் ஏழு பையன்கள். வயது பதினாறு. நம் கணக்கில் ஓ.எல் எழுதும் வயது. முதல் பாதியில் சண்டையே இல்லை. வகுப்பு, வீடு, தகப்பனோடு கோபம், ஒரு பெண் பிள்ளைமீது ஆசை, அவ்வளவுதான். பிறகு படையில் சேரச் சொல்லி அழைப்பு வருகிறது. பெருநாள் வந்ததுபோல் குதிக்கிறார்கள்.

எங்களை முதலில் பிடித்தது அவர்களின் ஆசிரியர், ஷ்டெர்ன். அவர் படை அதிகாரியைத் தேடிப் போகிறார், இந்தப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கெஞ்ச. நாங்களும் இப்படி எத்தனை பேரிடம் போய் நின்றிருக்கிறோம்! அதிகாரி கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரே ஒரு நாள் பயிற்சியோடு முன்னரங்குக்குப் போக வேண்டிய பையன்களை அவர்களுடைய ஊர்ப் பாலத்திலேயே காவலுக்கு நிறுத்த ஏற்பாடு செய்கிறார்கள். யாருக்கும் தேவையில்லாத பாலம். எப்படியும் தகர்க்கப்படப் போகிற பாலம். பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஒரு படைவீரரும் கூட. இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது?

அந்தப் படைவீரர் இரவில் பாலத்தைவிட்டு ஊருக்குள் போகிறார். தப்பி ஓடுகிறவர் என்று நினைத்து அவருடைய சொந்தப் படையின் காவலர்களே அவரைச் சுட்டுவிடுகிறார்கள். பையன்களுக்கு அது தெரியாது. 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல இனி ஆள் இல்லை. விடிந்ததும் அமெரிக்கத் தாங்கிகள் வருகின்றன. (தாங்கிகள் மரத்தால் செய்தவையாம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.)

இடையில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். "ஹிட்லரின் படைக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இதை இயக்கிய பேர்ன்ஹார்ட் விக்கி, இளவயதில் அதே ஆட்சியால் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் பல மாதங்கள் அடைக்கப்பட்டவர். அவருக்கு அந்தப் படையைப் புனிதப்படுத்த எந்தத் தேவையும் இல்லை. படத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான், சின்னப் பிள்ளைகளோடு தனக்குச் சண்டை இல்லை என்கிறான். அவனை ஒரு பையன் வயிற்றில் சுடுகிறான். அவன் அலறி அலறிச் சாவதை நாங்கள் முழுமையாகப் பார்க்க வேண்டியிருந்தது. பையன்கள் அப்பாவிகள் என்று படம் சொல்லவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்றுதான் கேட்கிறது. கதையை நாவலாக எழுதியவரும் பதினாறு வயதில் அப்படி ஒரு பாலத்தில் நிறுத்தப்பட்டவர்.

ஏழு பேரில் சிறியவன் சீகி. விமானச் சத்தம் கேட்டு ஒருமுறை தரையில் விழுந்து படுத்துக்கொள்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த முறை விமானம் வரும்போது அவன் மட்டும் படுக்கவில்லை. நிமிர்ந்து நிற்கிறான். முதலில் சாவது அவன்தான்.

அந்த இடத்தில் நாங்கள் படத்தை நிறுத்தினோம். தேத்தண்ணீர் ஊற்ற என்று சொல்லிக்கொண்டோம்.

எங்களில் இருவர் ஒரே பாடசாலை. சில வருடங்களுக்கு முன் பதினோராம் தரப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஓர் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனோம். ஒரு பையன் மட்டும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று கல்லில் உட்கார்ந்திருந்தான். "பயந்தாங்கொள்ளி, உம்மாவையும் கூட்டி வந்திருக்கலாமே" என்று நாங்கள்தான் சொன்னோம். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும்தான். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவன் தனியாக இறங்கி ஆழமான பக்கம் நடந்து போயிருக்கிறான். அவனுடைய வகுப்புப் பையன் ஒருவன் கண்டு முடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முடிந்திருக்கும். அதிபரிடம், சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினான் என்று அறிக்கை கொடுத்தோம். அவனும் எங்களை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தோம். கடைசியில் பாலத்தைத் தகர்க்க ஜேர்மன் படையினரே வருகிறார்கள். இவ்வளவு உயிரும் எதற்கு என்று அப்போதுதான் மிஞ்சிய இரண்டு பையன்களுக்கும் விளங்குகிறது. சொந்தப் படையோடேயே துப்பாக்கிச் சூடு. ஒருவன் மட்டும் தப்புகிறான். இந்தச் சண்டை எந்த இராணுவ அறிக்கையிலும் இடம்பெறாத அளவுக்கு அற்பமானது என்று திரையில் எழுத்து வந்து படம் முடிகிறது.

அந்தப் பையன் உயர்தரத்தையும் எங்கள் பாடசாலையிலேயே முடித்தான். இப்போது பசாரில் ஒரு கடையில் நிற்கிறான். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எங்களைக் கண்டதும் எழுந்து நின்று ஸலாம் சொன்னான். "சேர், தேத்தண்ணீர் குடிப்பமா?" என்று கேட்டான். பதில் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே வந்துவிட்டோம்.