யாரும் எழுந்து நிற்காத வகுப்பறை

பால்டிமோரின் மேற்குப் பகுதியில் எல்லாத் தெருக்களும் ஒரே மாதிரி. சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள், வாசலில் வெள்ளைப் பளிங்குப் படிகள், நடுநடுவே ஜன்னல்களைப் பலகையால் அடைத்த காலி வீடுகள். 2005-இல் கல்வியாண்டின் முதல் நாள் காலை, இவற்றைக் கடந்துதான் அந்த ஆசிரியை பள்ளிக்கு நடந்தார். பிலிப்பைன்ஸின் செபு தீவில் பதினான்கு ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவர். அமெரிக்கா வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மணி அடித்தது. ஏழாம் வகுப்பு மாணவர்கள் நுழைந்தார்கள். அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் அறை ஆசிரியருக்குச் சொந்தம்; பாடத்துக்குப் பாடம் இடம் மாறுவது பிள்ளைகள்தான். செபுவில் ஐம்பது பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். அதற்காகக் காத்து நின்றார். இங்கே ஒருவரும் எழவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் கேட்டான்: "மிஸ், நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?"

குறும்பு என்று நினைத்தார். முந்தைய ஆண்டு அந்த அறைக்கு வந்த மூன்று அறிவியல் ஆசிரியர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பையன் விவரம் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

முதல் மாதம் கத்தினார். பலனில்லை. திட்டும்போது ஒரு சிறுமி கண்ணை நேராகப் பார்த்தாள். செபுவில் அது திமிர். இங்கே கவனிக்கிறாள் என்று அர்த்தம். பக்கத்து அறையின் மூத்த கறுப்பின ஆசிரியைதான் வழி சொன்னார்: வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், பிள்ளை நன்றாகச் செய்த அன்றைக்கும் வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். "பேரனைப் பற்றி நல்லது சொல்ல இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை" என்று ஒரு பாட்டி போனிலேயே அழுதாராம்.

பிள்ளைகள் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். வரலாறும் சேர்ந்து சிரித்திருக்கும். பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்கா, 1901-இல் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 ஆசிரியர்களை மணிலாவுக்கு அனுப்பியது. இவருடைய ஆங்கிலத்தின் வேர் அங்கேதான். நூறு ஆண்டு கழித்து, ஆசிரியர் கிடைக்காத அமெரிக்க நகரங்கள் எதிர்த்திசையில் ஆள் தேடின. பால்டிமோர் மட்டுமே சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோரை எடுத்தது.

வந்தவர்கள் பெரும்பாலும் கடனோடு வந்தார்கள். லூசியானா மாநிலத்துக்கு 2007 முதல் அழைத்து வரப்பட்ட சுமார் 350 பேரில் பலர் தரகு நிறுவனத்துக்குத் தலைக்கு ஏறத்தாழ 16,000 டாலர் கொடுத்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், 2012-இல் 45 லட்சம் டாலர் வழங்கும்படி நடுவர் குழு தீர்ப்பளித்தது. இன்றும் கதவு அகலத் திறந்துவிடவில்லை. பரிமாற்ற விசாவில் வரும் ஆசிரியர் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளில் ஊர் திரும்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆளெடுக்க 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. பெரும்பாலான பள்ளி ஆசிரியர்களின் ஆண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம்.

செபு ஆசிரியை கடனை அடைத்தார். நிரந்தரக் குடியுரிமையும் பெற்றார். இன்னமும் காலையில் அறை வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்கிறார். பின்வரிசைப் பையனின் கேள்விக்கு இருபது ஆண்டுகளாகத் தினமும் பதில் சொல்லி வருகிறார் என்றே கொள்ளலாம்.

இன்னொருவருக்குச் சொன்ன பதிலைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தாழ்கிறது. புறப்பட்டபோது மகளுக்கு எட்டு வயது. பாட்டியிடம் விட்டு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து முதல் விடுமுறைக்குப் போனபோது, மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கதவருகே நின்று பெட்டியைப் பார்த்தபடி கேட்டாள்: "அம்மா, எத்தனை நாள் இருப்பீங்க?"

"மூன்று வாரம்" என்றாராம்.