பிரேக் இல்லாத பைக்

எங்க ஊர்ப் பெயரை மெட்ராஸில் ஒருத்தருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். "பனவடலிசத்திரம்" என்றால், "எந்தச் சத்திரம்? எழும்பூர் பக்கமா?" என்பார்கள். "இல்லே சார், திருநெல்வேலியிலேர்ந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல, மானூர் தாண்டி, தேவர்குளம் தாண்டி..." என்று நான் முடிப்பதற்குள் அவர் ரெண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஒரு விதத்தில் லாபம்தான்!

அப்படிப்பட்ட ஊரிலிருந்து 1986-ல் குமாஸ்தா உத்தியோகத்துக்காகத் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வந்து சேர்ந்தவன் நான். அறையில் நாலு பேர், ஒரு ஃபேன். மாசக் கடைசியில் எங்களைப் போலவே அதுவும் சுற்றத் தெம்பில்லாமல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பது, தூங்குவது, ஓசிப் பேப்பர் படிப்பது. வேறு பொழுதுபோக்கு கிடையாது.

1987 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அறை நண்பன் எழுப்பினான். "சோழவரம் ரேஸுக்கு வர்றியா?"

"குதிரையா?"

அவன் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பைக்குடா!"

பாரிமுனையில் பஸ் பிடித்து, செங்குன்றம் தாண்டிப் போய் இறங்கினோம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மிஞ்சியது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் காரும் பைக்கும் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஜனம். பம்பாய், பெங்களூர், கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டிகள். மேலே வெயில், கீழே கான்கிரீட். நடுவில் நாங்கள் ஆம்லெட்.

ஆனால் பைக்குகள் கிளம்பியதும் வெயிலாவது ஒன்றாவது! ஆர்.டி. 350 ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பின்னால் ஆர்.எக்ஸ். 100, இண்ட்-சுசுகி என்று ஒரு கூட்டம், தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி. ஆயில் புகை வாசனை மூக்கில் ஏறினால் இறங்க மறுத்தது. வளைவில் வண்டியோடு ஆளும் சாய்கிறான், முழங்கால் தரையைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த விநாடி நிமிர்ந்து எங்கேயோ புள்ளியாகப் போய்விட்டான். எங்க ஊரில் நான் பார்த்த அதிகபட்ச வேகம், டிக்கெட் எடுக்காதவன் செக்கரைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுவதுதான்.

பக்கத்தில் ஒரு பெரியவர். தலையில் தொப்பி, மடியில் ஃபிளாஸ்க். பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியர். இளம் வயதில் கப்பலில் வேலை பார்த்தவராம். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கே இப்படியா மேன்? நான் 1949-ல லண்டன் வெம்ப்ளியில ஸ்பீட்வே பார்த்தவன்" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது இதுதான். யுத்தம் முடிந்து இங்கிலாந்தே இளைத்துக் கிடந்த நேரம். இறைச்சிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், பெட்ரோலுக்கும் ரேஷன். ஆனால் ஸ்பீட்வே என்றால் ஜனம் கொட்டோ கொட்டென்று கொட்டும். 1946-ல் போட்டியை மறுபடி ஆரம்பித்தபோது முதல் பிரிவில் மொத்தமே ஆறு அணிகள்தான். சாம்பியன் வெம்ப்ளி லயன்ஸ். 1949-ல் உலகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியைப் பார்க்க மட்டும் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல். வெம்ப்ளி அணியின் டாமி பிரைஸ் ஜெயித்தார். உலகப் பட்டம் வாங்கிய முதல் இங்கிலீஷ்காரர் அவர்தான். கூட்டத்தில் நம்ம பெரம்பூர்க்காரரும் நின்று கத்தியிருக்கிறார்.

"முட்டை வடிவத்துல ஒரு டிராக். சாம்பல், மண்ணு போட்டது. நாலு பேரு, நாலே ரவுண்டு, ஒரு நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிடும். முதல்ல வந்தா 3 பாயின்ட், அடுத்தவனுக்கு 2, அதுக்கடுத்தவனுக்கு 1. கடைசி ஆளுக்கு முட்டை. 500 சி.சி. எஞ்சின், ஒரே கியர். ஓடறது பெட்ரோல்ல இல்ல, மெதனால்ல. இடது கால் பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடு. வளைவுல காலை ஊனிட்டு, பின் சக்கரத்தை வழுக்க விட்டே திருப்புவான். இன்னொண்ணு மேன்... அந்த பைக்குக்கு பிரேக்கே கிடையாது!"

"பிரேக்கே கிடையாதா?"

"நோ பிரேக்! ஏன்னு கேளு..."

கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த ரேஸுக்குக் கொடி விழுந்துவிட்டது. நான் எழுந்து கம்பி ஓரமாக ஓடிவிட்டேன்.

அந்தப் பாதிக் கதையோடுதான் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனேன்.

தபசு பார்க்கச் சங்கரன்கோவில் போய் வந்து மூணாம் நாள். டீக்கடை பெஞ்சு. நம்ம பயல்கள் ஏழெட்டுப் பேர். மெட்ராஸ்காரன் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று காத்திருந்தவர்களுக்கு நான் சோழவரத்தை அவிழ்த்துவிட்டேன். வெம்ப்ளியையும் சேர்த்து, ஏதோ நானே நேரில் பார்த்த மாதிரி! பிரேக் இல்லாத பைக் என்றதும் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

சித்தப்பா மகன் அதிகம் பேசாதவன். என்னைவிட மூணு வயசு இளையவன். அவன் மட்டும் கேட்டான்: "பிரேக் இல்லாமலா ஓட்டுவானுவ அண்ணாச்சி?"

"தைரியம்டே! தைரியம் இருந்தா பிரேக் எதுக்கு?"

சொன்னது நான்தான்.

அவனிடம் ஒரு பழைய யெஸ்டி இருந்தது. மைசூரில் செய்த வண்டி. கிக்கரையே மடக்கினால் கியர் ஆகிவிடும், அந்த ரகம். அதே கம்பெனிக்கு மூலமான செக்கோஸ்லோவாகியா ஜாவாதான் பின்னாளில் ஸ்பீட்வே டிராக்குகளில் கொடிகட்டிப் பறந்தது என்று நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும், அதற்கு முன்னால் தேவர்குளம் போய்ச் சேர முடியுமா என்கிற பந்தயம் மட்டும்தான். தோற்றால் எல்லோருக்கும் புரோட்டா.

பஸ் வந்தது. ஆள் ஏறி, கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் ரோட்டோரத்தில் நின்று கைக்குட்டையைத் தூக்கி, சோழவரத்தில் பார்த்த மாதிரியே ஸ்டைலாக இறக்கினேன்.

யெஸ்டி பறந்தது. பஸ் ஜன்னல் எல்லாம் தலைகள், கைத்தட்டல். ஆடிக் காற்று வேறு. ரெண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவே நேர் ரோடு. சட்டை காற்றில் புடைக்க அவன் போனது ஒரு அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கொஞ்ச தூரத்தில் ஆடுகள். ஓட்டிவந்த பாட்டி இந்தப் பக்கம், பாதி ஆடு அந்தப் பக்கம்.

பிரேக் இல்லாத வண்டி இல்லை அது. பிரேக் இருந்தது. மிதித்திருக்கிறான். ஷூ தேய்ந்து எத்தனை மாசமோ! ஆட்டையும் பாட்டியையும் விட்டு ஒடித்தவன், கல்லில் மோதி உடைமரப் புதருக்குள் கிடந்தான். பந்தயம் விட்ட பஸ்தான் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஓடிவந்து தூக்கினார்கள். அதே பஸ்ஸில் போட்டுத்தான் திருநெல்வேலி கொண்டுபோனோம். வழி முழுக்க அவன் தலை என் மடியில். ஹெல்மெட்டாவது ஒன்றாவது! எங்க ஊரில் அப்போது அதைப் பார்த்தவனே நான் ஒருத்தன்தான். தலை தப்பியது, அவன் தாய் செய்த புண்ணியம். வலது முழங்கால் தப்பவில்லை.

இருபது நாளில் அவனுக்குப் போலீஸ் ஆள் எடுப்பு இருந்தது. தினம் விடியக்காலம் ஓடி ஓடிப் பழகிவைத்திருந்தான். அந்த ஓட்டத்துக்கு அவன் போகவே இல்லை.

சித்தி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவு முடிந்து கிளம்பும்போது எப்போதும் போல முறுக்குப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். "பாத்துப் போய்யா" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அடுத்த பிப்ரவரியில் நண்பன் மறுபடி சோழவரத்துக்குக் கூப்பிட்டான். வரமாட்டேன் என்றேன். விடவில்லை. இந்தத் தடவை சீக்கிரமே போய்விட்டோம். அதனால்தான் போன வருஷம் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ரேஸுக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியாக வரிசையில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அதிகாரிகள் உட்கார்ந்து, பிரேக்கை அழுத்திப் பார்க்கிறார்கள், ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு, விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள், செயினைப் பார்க்கிறார்கள், ஹெல்மெட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய வீரனானாலும் ஓரமாக நில்! ஆம்புலன்ஸ் ஒன்று தயாராக நிற்கிறது. வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள். முதல் ஆள் விழுந்தால் பத்தாவது ஆளுக்குத் தகவல் சொல்ல.

போன வருஷம் எனக்குக் கொடி ஒன்றுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

பெரியவர் வந்திருந்தார். அதே தொப்பி, அதே ஃபிளாஸ்க். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சார், அந்த பைக்குக்கு ஏன் பிரேக் கிடையாது?"

ஒரு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலச் சொன்னார்.

"நாலு பேரும் ஒட்டி ஒட்டிப் போவான். முன்னால போறவன் திடீர்னு பிரேக் போட்டா, பின்னால வர்றவன் அவன் மேலயே ஏறிடுவான். அதனால யாருக்குமே பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்கணும்னா வண்டியை வழுக்க விட்டுத்தான் குறைக்கணும், அதுக்கே வருஷக்கணக்கா பழகணும். எல்லாரும் ஒரே பக்கமா சுத்தறான் மேன். எதிர்ல பஸ் வராது. குறுக்க மாடு வராது. சுத்தி வேலி. அப்படியும் செத்திருக்காங்க."

நான் பேசவில்லை. "என்ன மேன், உடம்பு சரியில்லையா?" என்று ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

தைரியம் என்று நான் டீக்கடையில் விற்றது, நாலு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கை வெம்ப்ளியிலேயே விட்டுவிட்டு, பிரேக் இல்லாததை மட்டும் பனவடலிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எங்க ரோட்டில் பாட்டிக்கும் ஆட்டுக்கும் யார் கொடி காட்டினார்கள்?

சோழவரம் ரேஸெல்லாம் பழங்கதையாகிவிட்டது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்குத் தனி டிராக் வந்துவிட்டது. எங்க ஊரும் 2019-லிருந்து தென்காசி மாவட்டம். ஹெல்மெட் போடச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-லேயே வந்துவிட்டது. அது நம்ம தலை வரைக்கும் ஏறத்தான் நாளாகிறது. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

சித்தப்பா மகன் ஊரிலேயே மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். ரெண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டான்.

போன ஆடியில் சங்கரன்கோவில் மச்சானிடம் ஸ்கூட்டர் இரவல் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். கடை வாசலில் மூணு பயல்கள், 200 சி.சி. வண்டி. ஒருத்தன் கையில் செல்போன். ரோட்டில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதைப் படம் பிடிக்கப் போகிறார்களாம். காற்றடிக்க வந்திருந்தார்கள். இவன் காற்றடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வந்தான். உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.

"பேடு தேஞ்சுபோச்சுலே. மாத்திட்டுப் போங்க."

"பரவாயில்ல மாமா, அப்புறம் வாரோம்."

"அப்புறம்னா எப்பம்? சாவியக் குடு." வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சாமான் காசு மட்டும் குடுங்க. பிரேக் வேலைக்கு நான் கூலி வாங்குறதில்ல."

பயல்கள் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றதை அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏம்டே, என் மேல உனக்குக் கோவமே இல்லையா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டே சிரித்தான். "கைக்குட்டைய ஆட்டுனது நீங்க. ஆக்சிலேட்டரைத் திருகுனது நான்லா."

எனக்குக் கண் கலங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்வை நான் வந்த ஸ்கூட்டர் மேல் இருந்தது. போய் லீவரை ரெண்டு தரம் அமுக்கினான்.

"பின் பிரேக்கு லூஸா கெடக்கு அண்ணாச்சி. இந்த வண்டியிலயா அம்புட்டுத் தூரம் வந்தீய? உக்காருங்க, இவனுவளுத முடிச்சுட்டு இதையும் பாத்துருதேன்."

நானும் போய் அந்தப் பயல்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.