கடைமடைக்கும் அப்பால்

வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் செல்லும் நம் குடும்பங்கள் பல. அன்னையின் திருமுன் மெழுகுதிரி ஏற்றி, கடலில் கால் நனைத்து, வந்த வழியே ஊர் திரும்புவதே பெரும்பாலோர் வழக்கம். அங்கிருந்து தெற்கே செல்லும் சாலை எங்கே முடிகிறது என்று வினவுவோர் சிலரே. அச்சாலை வேதாரணியத்தை அடைந்து, அகஸ்தியம்பள்ளியைக் கடந்து, உப்பளங்களையும் காட்டையும் ஊடுருவி, இனிச் செல்ல நிலமில்லை என்னுமிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடமே கோடியக்கரை. 'கோடி' என்றால் முனை, எல்லை என்று பொருள். வங்கக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வந்த சோழநாட்டுக் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. அப்பால் பாக் நீரிணை. அதற்கும் அப்பால், அறுபது கிலோமீட்டருக்குள்ளாகவே, யாழ்ப்பாணக் கரை.

தஞ்சைத் தரணியில் பிறந்தோர் 'கடைமடை' என்னும் சொல்லை நன்கறிவர். மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் இறுதியாக, சில ஆண்டுகளில் பெயரளவுக்கு மட்டுமே, வந்து சேரும் வயல்களுக்கு அப்பெயர். வேதாரணியம் வட்டாரம் அத்தகைய கடைமடை. கோடியக்கரையோ கடைமடைக்கும் அப்பாற்பட்டது. சென்ற தை மாதத்தில் நாங்கள் அங்குச் சென்றபோது எங்கள் உள்ளத்தில் மீண்டும் மீண்டும் எழுந்த எண்ணம் இதுவே: எல்லா நன்மைகளும் கடைசியாக வந்து சேரும் இந்த ஊரிலிருந்தல்லவா நம் வீட்டு உலைக்கு வேண்டியவை முதலில் புறப்படுகின்றன!

வெள்ளை வயல்கள்

நெல் விளையும் நாட்டில் இங்கு மட்டும் உப்பு விளைகிறது. சாலையோரமெங்கும் பாத்தி பாத்தியாக வரப்புகள், அவற்றுள் உவர்நீர், வெயில் ஏற ஏற நீர் சுண்டி, அடியில் வெண்மை படர்கிறது. அதை ஆண்களும் பெண்களும் மரப்பலகையால் வாரிக் குவிக்கின்றனர். காலில் சிறு கீறல் இருந்தாலும் உப்புநீர் பட்டு அது ஆறுவதில்லை. வெள்ளைப் பரப்பிலிருந்து தெறிக்கும் வெயில் கண்ணை வருத்துகிறது. ஒருநாள் பெருமழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையே கிடையாது. தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது இவ்வட்டாரத்தில்தான்.

இந்த உப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் நடந்தே வந்த தொண்டர் படை, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்தது. தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். வழியூர் மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனராம். அன்று உப்பின் மீதிருந்த வரி பேசப்பட்டது. உப்பை வாரும் கைகளைப் பற்றி அன்றும் அதிகம் பேசப்படவில்லை. இன்றும் அதிகம் பேசப்படவில்லை.

ஆறு மாதத்து ஊர்

உப்பளத்தைத் தாண்டிக் கோடியக்காடு. காட்டைத் தாண்டிக் கடற்கரை. ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கு மீன்பருவம். அப்போது நாகை, காரைக்கால் பகுதிகளின் மீனவக் குடும்பங்கள் படகும் வலையுமாக வந்து, மணலில் கீற்றுக் கொட்டகைகள் அமைத்துத் தங்குகின்றன. நாங்கள் கண்ட கரை ஒரு சிறு பட்டணமாகவே இருந்தது. விடியலில் ஃபைபர் படகுகள் கரையேறுகின்றன. நண்டும் இறாலும் காலாவும் வாவலும் ஏலம் போகின்றன. பனிக்கட்டிப் பெட்டிகளுடன் வண்டிகள் விரைகின்றன. எஞ்சியதைப் பெண்கள் உப்பிட்டு மணலில் கருவாடாக்குகின்றனர். பங்குனி கழிந்தால் கொட்டகைகள் பிரிக்கப்படும். பின்னர் காற்றும், நிலையாக வாழும் சில குடும்பங்களுமே மிஞ்சும்.

கடலிலும் அமைதியில்லை. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே மீன்பிடித்தோரை மறித்து, வலைகளையும் பிடித்த மீனையும் பறித்துச் சென்றனர் என்னும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது. அக்கரையில் இருப்போரும் தமிழரே, ஏழை மீனவரே. 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் கடலுக்கு வந்த அவர்கள், நம் இழுவைப் படகுகள் தங்கள் கடலை வழித்துச் செல்கின்றன என்று முறையிடுகின்றனர். இரு கரையிலும் அடுப்பெரியக் காத்திருப்பவர் பெண்களே. இதை எண்ணாமல் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் பேசுதல் தகாது.

காடும் மக்களும்

கோடியக்கரைக் காடு 1967இல் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. 2002இல் அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களுடன் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. முறுக்கிய கொம்புடைய வெளிமான்கள் புல்வெளியில் மேய்கின்றன. எக்காலத்திலோ வளர்ப்போரால் கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை கட்டின்றித் திரிகின்றன. பனிக்காலத்தில் நெடுந்தொலைவிலிருந்து பூநாரைகளும் எண்ணற்ற சிறு பறவைகளும் வந்து தங்குகின்றன.

இவற்றைக் காத்தல் நம் கடமையே. ஆயினும் காட்டோரத்தில் வாழ்வோருக்குக் காடு வேடிக்கைப் பொருளன்று. அவர்தம் விறகு, ஆடுமாடுகளின் மேய்ச்சல், கோடையில் விற்றுப் பிழைக்கும் பாலைப்பழம் ஆகிய யாவும் அக்காட்டைச் சார்ந்திருந்தன. வேலி வந்தபின் பழைய வழக்கங்கள் பல குற்றங்களாயின. மானுக்கும் இடம் வேண்டும், மனிதனுக்கும் பிழைப்பு வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதுதான் இங்குக் கடினமான பணி.

தனிமை பழையது

இவ்வூரின் தனிமை இன்று தோன்றியதன்று. இங்குள்ள குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், கடற்காற்று அறையும் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்டு இரங்கினார் என்பர். அது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் பூங்குழலி படகோட்டிய கரையும் இதுவே. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கத்தில் எஞ்சியிருந்ததையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சாய்த்துவிட்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலோ வட்டாரம் முழுவதையும் புரட்டிப் போட்டது. காட்டு மரங்கள் முறிந்தன; மான்கள் மடிந்தன; தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டுமாதலால், அந்த ஓர் இரவின் இழப்பைக் குடும்பங்கள் நெடுநாள் சுமந்தன.

ஒரு காலத்தில் கோடியக்கரை வரை மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. அது நின்றுபோயிற்று. அகலப்பாதை அமைந்து 2023 ஏப்ரலில் ரயில் திரும்பி வந்தது. ஆனால் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. குடிநீர் கொள்ளிடக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் வழியே நெடுந்தொலைவு வரவேண்டும். 2022இல் நாகை மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது பெரும் நன்மை. எனினும் நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்துதான் அங்குச் சேர முடியும். நோயுற்றவருக்கு வரைபடத்தில் உள்ள தூரம் வேறு, வண்டி கிடைக்காத இரவின் தூரம் வேறு.

நாம் செய்யத்தக்கது

அன்புக் குடும்பங்களே, அடுத்த முறை வேளாங்கண்ணி செல்லும்போது ஒருநாளை இவ்வூருக்கென ஒதுக்குங்கள். மானையும் பறவையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிளாஸ்டிக் குப்பையை அங்கே விட்டு வராதீர்கள். அத்துடன் உப்பளத்தில் ஒரு நாழிகை நின்று, அங்கு வேலை செய்வோருடன் இரண்டு வார்த்தை பேசுங்கள். கருவாடு வாங்கினால் அதை உலர்த்திய பெண்ணிடமே வாங்குங்கள்; நாலு காசுக்காகப் பேரம் பேசாதீர்கள். நம் சோற்றில் உப்பாகவும் குழம்பில் மீனாகவும் நாள்தோறும் கலந்திருக்கும் இம்மக்களின் முகத்தை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் காணவேண்டும்.

மதகில் நீர் நிறைந்திருப்பதைக் கண்டு எந்த உழவரும் பாசனம் முடிந்தது என்று கூறமாட்டார். கடைமடை வயல் நனைந்த பிறகே அவர் மண்வெட்டியைத் தோளிலேற்றி வீடு திரும்புவார். நாட்டின் வளமும் அவ்வாறே அளக்கப்பட வேண்டும்.